எண்பது மணி நேரமும் ஒரு ரேஷன் கார்டும்

பென்னாகரத்தில் நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, நீக்குவது என்று காலையில் கடை திறந்தால் இருட்டும் வரை ஆள் இருக்கும். ஊரில் யாரிடம் எந்தத் தாள் இல்லை என்று எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் என் அக்கா வீட்டுக்காரரிடம் எந்தத் தாள் இல்லை என்பது, அவர் டயாலிசிஸ் மெஷினில் படுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மாமா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். பத்தொன்பது வருடம். தீபாவளிக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் ஊருக்கு வருவார். 2023 தீபாவளிக்கு வந்தபோது இரண்டு காலும் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் குழியாக நின்றது. "பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தது மாப்ள, சரியாயிரும்" என்றார். டிசம்பர் கடைசியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால், ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியேட்டினின் 11. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் அந்த வாரம் இடம் இல்லை. வரிசையில் பெயர் எழுதிவிட்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே காப்பீட்டு மேசையில் இருந்த பெண் மாமாவின் அட்டையை வாங்கித் தட்டிப் பார்த்தார். "அண்ணா, இந்த அட்டை பழைய ரேஷன் கார்டு நம்பரில் இருக்கு. உங்க கார்டு நம்பர் வேற. அப்ரூவல் போகாது" என்றார். 2019-இல் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டபோது மாமா தனி ரேஷன் கார்டு வாங்கிக்கொண்டார். காப்பீட்டு அட்டையோ மாமாவின் அப்பா பெயரில் இருந்த பழைய கார்டோடு நின்றுவிட்டது. அந்தத் தனிக் கார்டுக்கு விண்ணப்பம் போட்டவனே நான்தான். காப்பீட்டையும் மாற்ற வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இன்று வரை அது நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது.

சரி, புதிதாகப் பதிந்துகொள்ளலாம் என்று வருமானச் சான்றுக்குப் போட்டேன். வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் வருமானம் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. "பெங்களூரில் என்ன கூலி?" என்று கேட்டார். மாமா பொய் சொல்லத் தெரியாதவர். "எண்ணூறு சார்" என்றார். மாதத்துக்குப் பதினைந்து நாள் வேலை என்று போட்டு 1,44,000 என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். இனி ஒரு பலகையைக்கூடத் தூக்க முடியாது என்று டாக்டர் சொன்ன மனிதருக்கு, பலகை தூக்கிய காலத்துக் கூலியை வைத்து வருமானம் கணக்கிட்டார்கள். அதைத் திருத்த மருத்துவச் சான்று, மறு மனு, ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று அலைந்து, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் படம் எடுத்துப் பதிந்து முடிக்க 23 நாள் ஆனது.

அந்த 23 நாளில் ஒரு தடவைக்கு 1,900 ரூபாய் கொடுத்தோம். பணம் தட்டுப்பட்டதும் மூன்றை இரண்டாகக் குறைத்தோம். அக்காவின் தோடு அடகுக்குப் போனது. இருபதாம் நாள் இரவு மாமாவால் படுக்க முடியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு முட்டினார். நுரையீரலில் நீர். 108-ஐக் கூப்பிட்டு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே யாரும் அட்டை கேட்கவில்லை. நேரே மெஷினில் போட்டார்கள். அந்த இரவை நான் எங்கே பேசினாலும் சொல்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. அரசு மருத்துவமனை என்ற கட்டடம் அங்கே இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

மாமாவின் காப்பீட்டை யாரும் ரத்து செய்யவில்லை. அரசாணை வரவில்லை, திட்டத்தின் தொகை குறையவில்லை, செய்தித்தாளில் ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் 23 நாள் அவருக்குக் காப்பீடு இல்லை. 2025 ஜூலையில் அமெரிக்காவில் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை வெட்டும் சட்டம் வந்தது என்ற செய்தியில் "மாதம் 80 மணி நேரம் வேலை பார்த்ததாகக் காட்ட வேண்டும்" என்று படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. அப்புறம் பல இரவுகள் உட்கார்ந்து அந்த நாட்டுக் கதையைத் தேடிப் படித்தேன். ஒரே திட்டத்தை மூன்று முறை வெட்டப் பார்த்திருக்கிறார்கள். ஒரு முறை மக்கள் தடுத்தார்கள். ஒரு முறை வெட்டு நடப்பதே யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது முறை தெரிந்தும் தடுக்க முடியவில்லை. இங்கே நமக்கும் அந்த மூன்றிலும் வேலை இருக்கிறது.

அங்கே இருப்பது என்ன

அந்தத் திட்டத்தின் பெயர் மெடிகெய்ட். 1965 ஜூலை 30-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்ட சட்டத்தில் பிறந்தது. ஏழைகள், ஊனமுற்றவர்கள், ஏழைக் கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் இல்லத்தில் இருக்கும் வயதானவர்கள் இதில் வருவார்கள். நம் திட்டத்தைப் போலவே மத்திய அரசும் மாநிலமும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. மாநிலம் செய்யும் செலவில் குறைந்தது பாதியை மத்திய அரசு தரும். உச்சவரம்பு கிடையாது. நோயாளி கூடினால் பணமும் கூடும்.

2010-இல் ஒபாமா காலத்துச் சட்டம் இந்த வட்டத்தை விரித்தது. கூலி வேலை பார்த்தும் வறுமைக் கோட்டை ஒட்டியே நிற்கும் பெரியவர்களையும் உள்ளே சேர்த்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம், விரிப்பதா வேண்டாமா என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம் என்றது. சில மாநிலங்கள் விரித்தன, சில மறுத்தன. நம் மாமா மாதிரி ஆட்கள், அதாவது கட்டட வேலை, ஓட்டல் வேலை, வீட்டு வேலை பார்ப்பவர்கள், இந்த விரிவில்தான் உள்ளே வந்தார்கள். பின்னால் வெட்டு வந்தபோதெல்லாம் கத்தி முதலில் பட்டது இவர்கள் மேல்தான்.

முதல் வெட்டு: பார்த்தவர்கள் தடுத்தார்கள்

2017 தொடக்கத்தில் டிரம்ப் அதிபர். குடியரசுக் கட்சியிடம் இரண்டு அவையும் இருந்தன. ஒபாமா சட்டத்தை நீக்குவோம் என்று ஏழு வருடமாகச் சொல்லிவந்த கட்சி அது. மார்ச் 6-ஆம் தேதி மசோதா வந்தது. மார்ச் 13-ஆம் தேதி, காங்கிரஸின் (அவர்கள் நாடாளுமன்றத்தின் பெயர் அது) பட்ஜெட் அலுவலகம் தன் கணக்கை வெளியிட்டது. பத்து வருடத்தில் மெடிகெய்டில் 88,000 கோடி டாலர் குறையும், 2026-க்குள் காப்பீடு இல்லாதவர்கள் 2 கோடியே 40 லட்சம் பேர் கூடுவார்கள் என்றது அந்தக் கணக்கு. அந்த அலுவலகம் கட்சி சார்பற்றது. அதன் தலைவரை நியமித்தவர்கள் குடியரசுக் கட்சியினர். அதனால் அந்த எண்ணை எதிர்க்கட்சியின் கூச்சல் என்று தள்ள முடியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் ஒரு நலத்திட்டத்தை மாற்றும்போது, எத்தனை பேர் வெளியே போவார்கள் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல அப்படி ஓர் அலுவலகம் இல்லை. வெளியே போன பிறகு, போனவர்கள்தான் ஒவ்வொருவராகக் கண்டுபிடிக்கிறார்கள். என் கடை வாசலில் வந்துதான் கண்டுபிடிக்கிறார்கள்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த நிகழ்வில் முக்கியம். அந்த வருடம் பிப்ரவரியிலேயே உறுப்பினர்கள் தொகுதிக்குப் போய் நடத்தும் மக்கள் சந்திப்புகளில் கூட்டம் கட்டுக்கடங்காமல் வந்தது. நம் ஊர் கிராம சபையை ஒரு பெரிய பள்ளிக்கூட அரங்கில் நடத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் செனட்டர், அதாவது மேலவை உறுப்பினர், டாம் காட்டன் கூட்டம். பிறவி நோயுள்ள ஓர் இளம்பெண் எழுந்து, இந்தக் காப்பீடு இல்லாவிட்டால் தான் செத்துப்போவேன், இது மிகைப்படுத்தல் இல்லை என்று மைக்கில் சொன்னார். அதற்கு எந்தப் புள்ளிவிவரத்தை வைத்துப் பதில் சொல்வது?

மார்ச் 24-இல் ஓட்டு போதாமல் மசோதாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மே 4-இல் சில மாற்றங்களோடு கீழவையில் 217-க்கு 213 என்று நிறைவேற்றிவிட்டார்கள். அப்புறம் செனட். அங்கே பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் வரைவை மூடிவைத்துத் தயாரித்து ஜூன் 22-இல் வெளியிட்டார். அதே நாள் அவர் அலுவலக வாசலில் நடந்ததை நான் பல தடவை பார்த்தேன். அடாப்ட் என்ற ஊனமுற்றோர் அமைப்பைச் சேர்ந்தவர்கள் சக்கர நாற்காலிகளில் வந்து வராண்டாவை அடைத்துக்கொண்டார்கள். சிலர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் படுத்தார்கள். காவலர்கள் அவர்களைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். 43 பேர் கைது.

அவர்கள் கேட்டது மாத்திரை மருந்துக்கான காசு மட்டும் இல்லை. காலையில் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட வீட்டுக்கு ஆள் வருகிறார் அல்லவா, அந்த ஆளுக்கான சம்பளத்தை மெடிகெய்ட்தான் தருகிறது. அது நின்றால் வீட்டை விட்டுக் காப்பகத்துக்குப் போக வேண்டும். "எங்கள் சுதந்திரத்தைக் காப்பாற்று" என்று அவர்கள் கோஷம் போட்டதன் பொருள் இதுதான். என் அக்கா தினமும் மாமாவுக்குத் தண்ணீர் அளந்து கொடுக்கிறாள். சின்ன டம்ளரில் நாளைக்கு ஐந்து, அதற்கு மேல் ஒரு மடக்கு கிடையாது. டம்ளரைக் கீழே வைக்கும்போதெல்லாம் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு கிழிப்பாள். அக்காவுக்குக் காய்ச்சல் வந்த மூன்று நாளில் கோடு கிழிக்க ஆளில்லை, மாமாவின் எடை நாலு கிலோ ஏறிவிட்டது. கூட நிற்கும் ஆள் என்பது மருத்துவத்தில் பாதி என்று அந்த வராண்டாவில் படுத்தவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

எதிர்ப்பு அவர்களோடு நிற்கவில்லை. அமெரிக்க மருத்துவர் சங்கம், மருத்துவமனைகள் சங்கம், ஓய்வு பெற்றோரின் பெரிய அமைப்பான ஏ.ஏ.ஆர்.பி. என எல்லாரும் எதிர்த்தார்கள். ஒஹாயோவின் ஜான் கேசிக், நெவாடாவின் பிரையன் சாண்டோவல் போன்ற குடியரசுக் கட்சி ஆளுநர்களே எதிர்த்தார்கள். மத்திய அரசு பணத்தைக் குறைத்தால் நோயாளி வந்து நிற்கப்போவது மாநிலத்தின் வாசலில் என்று அவர்களுக்குத் தெரியும். சொந்தக் கட்சி ஆளுநர் எதிர்க்கும்போது செனட்டருக்குக் கை நடுங்கும்.

ஜூலை 4 அவர்கள் சுதந்திர தினம். மெய்ன் மாநிலச் செனட்டர் சூசன் காலின்ஸ், ஈஸ்ட்போர்ட் என்ற சின்ன ஊரின் ஊர்வலத்தில் நடந்தார். வழியெல்லாம் மக்கள் தன்னிடம் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள், மருத்துவக் காப்பீடு, என்று அவரே சொன்னார். திருவிழாக் கூட்டத்தில் எம்.எல்.ஏ.வைப் பார்த்தால் நம்மவர்கள் சால்வை போடுவார்கள், செல்ஃபி எடுப்பார்கள். அவர்கள் காப்பீட்டைப் பற்றிக் கேட்டார்கள்.

ஜூலை 28, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. கடைசியாகச் சுருக்கிக் கொண்டுவந்த மசோதாவுக்கு ஓட்டெடுப்பு. மூளைப் புற்றுநோய் என்று சில நாள் முன்புதான் தெரிந்திருந்த ஜான் மெக்கெய்ன், முன்னால் வந்து கையை நீட்டிக் கட்டைவிரலைக் கீழே திருப்பினார். 49-க்கு 51. மசோதா விழுந்தது. அந்தக் கட்டைவிரலைத்தான் உலகமே நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. மெக்கெய்ன் மூன்று நாள் முன்பு, விவாதத்தைத் தொடங்கலாம் என்று ஓட்டுப் போட்டவர். காலின்ஸும் அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கியும்தான் இரண்டு முறையும் மறுத்தவர்கள். அவர்கள் இருவரும் நின்ற தரையை ஈஸ்ட்போர்ட் தெருவில் நின்றவர்கள் போட்டுக்கொடுத்தார்கள்.

அந்த முறை ஏன் ஜெயித்தது? வெட்டு கண்ணுக்குத் தெரிந்தது. எத்தனை பேர், எவ்வளவு பணம், எந்தத் தேதி என்று எல்லாம் தெரிந்தது. ஓட்டுக்கு முன்னால் தெரிந்தது.

இரண்டாவது வெட்டு: இரவு ஒன்பது மணிக்கு மூடும் இணையதளம்

முன் வாசலில் முடியாததைப் பின் வாசலில் செய்தார்கள். சட்டத்தை மாற்றாமல், மாநிலங்கள் கேட்டால் விதிவிலக்கு தரலாம் என்ற அதிகாரத்தைப் பயன்படுத்தினார்கள். ஆர்கன்சாஸ் கேட்டது, 2018 மார்ச்சில் அனுமதி கிடைத்தது, ஜூனில் அமலுக்கு வந்தது. முதலில் 30 முதல் 49 வயது வரை உள்ளவர்களுக்கு. விதி எளிதாகத் தெரியும்: மாதம் 80 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும், அல்லது படிக்க வேண்டும், அல்லது பொதுச்சேவை செய்ய வேண்டும். செய்ததை மாதாமாதம் பதிய வேண்டும். ஒரு வருடத்தில் மூன்று மாதம் தவறினால் அந்த வருடம் முடியும் வரை காப்பீடு கிடையாது.

எங்கே பதிய வேண்டும்? இணையதளத்தில் மட்டும். கடிதத்தில் வந்த ஒரு குறியீட்டு எண்ணை வைத்து, மின்னஞ்சல் முகவரி வைத்து, கணக்குத் தொடங்க வேண்டும். அந்த இணையதளம் தினமும் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை மூடியிருக்கும்.

நான் இந்த வரியைப் படித்தபோது இரவு பதினொன்றரை. கடையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பகலெல்லாம் ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு ஒன்பதரைக்கு வீடு திரும்பும் ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்தேன். வேலை பார்த்ததைப் பதிய வேண்டும் என்றால் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். என் கடைக்கு வரும் ஒவ்வொருவரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். வந்து பார்த்தால் "சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன். ஓ.டி.பி. வராது, போன் மகனிடம் இருக்கும், மகன் ஓசூரில் இருப்பான். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரியிலிருந்து செயலியில் படம் எடுத்து வருகை போட வேண்டும் என்றானபோது, சிக்னல் இல்லாத மலையடிவாரத்தில் வேலை செய்தும் வருகை ஏறாமல் நின்ற அம்மாக்கள் என் கடைக்கு வந்தார்கள். மண் வெட்டிய கையைக் காட்டினார்கள். அந்தக் கையைப் பதிய வழி இல்லை.

ஆர்கன்சாஸில் 2018 டிசம்பருக்குள் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். விதிக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர். பிறகு ஹார்வர்டு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். வேலை பார்ப்பவர் எண்ணிக்கை கூடவில்லை. விதிக்கு உட்பட்டவர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அல்லது நோய், பிள்ளை வளர்ப்பு போன்ற காரணங்களால் விலக்குப் பெறத் தகுதி உள்ளவர்கள். நிறையப் பேருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியவில்லை. மாமாவைப் போல மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோதான் தெரிந்துகொண்டார்கள்.

இந்த முறை வராண்டாவில் யாரும் படுக்கவில்லை. படுக்க வேண்டியவர்களுக்குத் தாங்கள் வெளியே தள்ளப்படுகிறோம் என்பதே தெரியாது, ஒவ்வொருவரும் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். கடிதத்தைப் படிக்காமல் விட்டது என் தப்பு, கடவுச்சொல்லை மறந்தது என் தப்பு. நானும் அப்படித்தானே நினைத்தேன், கார்டு பிரித்தபோது காப்பீட்டை மாற்றாதது என் தப்பு என்று. தாள் வழியாக வரும் வெட்டின் கொடுமை இதுதான். அது கோபமாக மாறாது, குற்ற உணர்வாக மாறிவிடும். குற்ற உணர்வோடு இருப்பவர் தெருவுக்கு வரமாட்டார்.

கடைசியில் நிறுத்தியது நீதிமன்றம். காப்பீட்டை இழந்த சிலரோடு சேர்ந்து இலவச சட்ட உதவி வழக்கறிஞர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 மார்ச் 27-இல் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் திட்டத்தை நிறுத்தினார். ஏழைகளுக்கு மருத்துவக் காப்பீடு தருவதுதான் மெடிகெய்டின் நோக்கம், இந்த விதியால் எத்தனை பேர் அதை இழப்பார்கள் என்பதை அரசு சரியாக யோசிக்கவே இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். படிக்க ஆறுதலாக இருந்தது. 18,000 பேர் வெளியே போன பிறகு வந்த ஆறுதல்.

மூன்றாவது வெட்டு

2025-இல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். பெரிய வரிச் சலுகைச் சட்டம் ஒன்றுக்குள் மெடிகெய்ட் வெட்டை வைத்தார்கள். பத்து வருடத்தில் 90,000 கோடி டாலருக்கும் மேல். மாதம் 80 மணி நேர விதி இப்போது திட்டத்தை விரித்த எல்லா மாநிலங்களுக்கும். விரிவில் சேர்ந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகுதியை மறுபடி காட்ட வேண்டும். சட்டத்தால் 2034-க்குள் சுமார் ஒரு கோடிப் பேர் காப்பீட்டை இழப்பார்கள் என்று அதே பட்ஜெட் அலுவலகம் கணக்குச் சொன்னது. இந்த முறையும் மக்கள் சந்திப்புகளில் கூச்சல் எழுந்தது, இந்த முறையும் சக்கர நாற்காலிகளில் வந்தவர்கள் கைதானார்கள். செனட்டில் 50-க்கு 50 என்று நின்று, துணை அதிபர் ஓட்டால் நிறைவேறியது. காலின்ஸ் எதிர்த்தார். முர்கோவ்ஸ்கி, தன் மாநிலத்துக்குச் சில சலுகைகள் வாங்கிக்கொண்டு ஆதரித்தார். கீழவையில் 218-க்கு 214. ஜூலை 4-இல் கையெழுத்து.

ஏன் இந்த முறை முடியவில்லை என்று யோசித்தால் எனக்கு இரண்டு விஷயம் படுகிறது. ஒன்று, அதை "வெட்டு" என்று அவர்கள் சொல்லவே இல்லை. உழைக்காதவர்களை மட்டும் நீக்குகிறோம், ஏமாற்றுபவர்களைப் பிடிக்கிறோம் என்றார்கள். கேட்கும் எவருக்கும் அது தன்னைப் பற்றியது இல்லை என்றுதான் தோன்றும். இரண்டு, தேதி. 2026 நவம்பரில் தேர்தல், 80 மணி நேர விதிக்குக் கெடு 2027 ஜனவரி 1. வலி வரும்போது ஓட்டுப் போட்டு முடிந்திருக்கும்.

நம் பக்கம்

இங்கே திட்டம் வளர்ந்துதான் வந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. ஆட்சி மாறியும் நின்றது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்றானது. வருமான வரம்பு 72,000-லிருந்து 1,20,000 ஆனது. பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவரும் பெண் இரண்டு வருடம் முன்னால் வந்து மாமாவுக்கு ரத்தக் கொதிப்பு பார்த்திருந்தால் சிறுநீரகம் பிழைத்திருக்கலாம். அவர் பெங்களூரில் தகரக் கொட்டகையில் இருந்தார், எந்த வீட்டைத் தேடுவது?

ஆனால் வளர்ந்த திட்டமும் சத்தமில்லாமல் சுருங்கும். 1,20,000 என்ற வரம்பு அப்படியே நிற்க, கூலி மட்டும் ஏறினால் போதும். நாளைக்கு 800 ரூபாய் கூலி வாங்குபவர் வருடத்தில் 150 நாள் வேலை பார்த்தால் வரம்பைத் தொட்டுவிடுகிறார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போனால் தாண்டிவிடுவார்கள். அவர்கள் பணக்காரர் ஆகிவிட்டார்களா? சிகிச்சைக்கு நிர்ணயித்த தொகை பழையதாகவே இருந்தால் தனியார் மருத்துவமனை "பெட் இல்லை" என்று சொல்லிவிடும். அதை மறுப்பு என்று எந்தக் கணக்கிலும் எழுத மாட்டார்கள். இப்போதைய காப்பீட்டு ஒப்பந்தம் 2022 ஜனவரியில் ஐந்து வருடத்துக்குப் போடப்பட்டது. அதுவும் 2027 ஜனவரியில்தான் முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் வரம்பு எவ்வளவு, எந்த நோய் உள்ளே, எந்த மருத்துவமனை உள்ளே என்று எழுதப்போகிறார்கள். கிராம சபையில் கேட்பதானால் எழுதுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். வரம்பை உயர்த்து, வேலை இழந்த நோயாளிக்கு இன்றைய வருமானத்தை வைத்துச் சான்று கொடு, ரேஷன் கார்டு பிரியும்போதே காப்பீட்டையும் பிரி. எங்கள் ஊர்க் கிராம சபைக்கு நான் எழுதிக் கொடுத்த தீர்மானத்தில் இந்த மூன்றும் இருந்தன. "காப்பீடு நம்ம கையில இல்லையே தம்பி" என்று தலைவர் முதலில் தயங்கினார். மாமா எழுந்து நின்று சட்டையின் இடது கையை மடித்துக் காட்டினார். ஃபிஸ்டுலா போட்ட இடம், அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம், கயிறு மாதிரி புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே மோட்டார் ஓடுவதுபோல அதிரும். தலைவர் தொட்டுப் பார்த்தார். பின்னால் இருந்த இரண்டு பெண்களும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். தீர்மானம் ஏட்டில் ஏறியது.

கடையில் இப்போது ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு வேலையாக யார் வந்தாலும் காப்பீட்டு எண்ணையும் சேர்த்துத் தட்டிப் பார்க்கிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. பெயர் வராதவர்களை நோட்டில் எழுதுகிறேன். பாகம் பிரிந்தவர்கள், கல்யாணமாகி வந்த மருமகள்கள், அட்டையில் பெயர் இருந்த மாமனார் இறந்துபோன வீடுகள். இதுவரை 63 குடும்பம். அதில் 41 குடும்பத்துக்குப் புதிதாகப் பதிந்தாகிவிட்டது. மீதி 22-இல் ஒன்பது பேருக்கு வருமானம் வரம்பைத் தாண்டுகிறது என்று சான்று கிடைக்கவில்லை. ஒன்பது பேரும் கூலிக்காரர்கள்.

நாளை திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் மனு நாள். அந்த ஒன்பது பேரும் ஆறே முக்கால் பஸ்ஸுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாமாவுக்குச் செவ்வாய், வியாழன், சனிதான் டயாலிசிஸ் என்பதால் அவரும் வருகிறார். அக்கா அவருக்கான தண்ணீரை அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றி, எந்த வேளைக்கு எவ்வளவு என்று பாட்டில் மேல் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.